பாலத்தைத் தாண்டிய ரயில்

டிஸ்கி: இது பாதி ஊர்க்கதை, பாதி பொட்டி தட்டுற கதை. நடுவுல கொஞ்சம் கொசுவத்தி சுத்தும். கணினி ஆளுங்க ஊர்க்கதையைப் பொறுத்துக்கோங்க, மத்தவங்க பொட்டிக் கதையைப் பொறுத்துக்கோங்க.

1956 நவம்பர் 23, விடியற்காலை. மெட்ராஸிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி கல்லகம் நோக்கிப் போய்க்கிட்டிருந்தது. நடுவுல மருதையாறு. அடைமழையில ஆறு கரைபுரண்டு ஓட, பாலம் தாங்கலை. இன்ஜினும் பெட்டிகளும் வெள்ளத்துல விழுந்தன. இறந்தவங்க 140 பேருக்கும் மேல. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினது இந்த விபத்துக்குப் பிறகுதான். அதே வருஷம் மகபூப்நகர்ல இதே மாதிரி ஒரு பாலம் போய் விபத்து நடந்தப்பவும் விலகறேன்னு சொல்லியிருந்தார், நேரு அப்ப விடலை. அரியலூருக்கு அப்புறம் ஏத்துக்கிட்டார்.

(கல்லகம் வேற, கல்லக்குடி வேற. கலைஞர் 1953ல தண்டவாளத்துல படுத்தது கல்லக்குடியில. வெளியூர் நண்பர்கள் எப்பவும் குழப்பிக்கிறாங்க.)

மருதையாறு பச்சைமலையில பொறந்து, பெரம்பலூர் பக்கமா வந்து, அரியலூர் பக்கம் போய், கொள்ளிடத்துல சேருது. வருஷத்துல முக்கால்வாசி நாள் கால் நனையாம தாண்டிடலாம். அந்த ஆறா ஒரு ரயிலை முழுங்குச்சுன்னு சின்ன வயசுல எனக்கு நம்பிக்கையே வந்ததில்லை. ஆனா எங்க வீட்டுல நம்ப மறுக்க முடியாது. அப்பாவோட அத்தை வீட்டுக்காரர் அன்னைக்கு எழும்பூர்ல ஏறி திருச்சிக்கு வந்துக்கிட்டிருந்தார். அப்பாவுக்கு அப்போ பத்து வயசு. பெரம்பலூருக்கு அப்பவும் ரயில் கிடையாது, இப்பவும் கிடையாது. ரயில்னா முப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி அரியலூர்தான். அதனால சேதி வந்ததும் தாமதமாத்தான். மாமா வரவே இல்லை.

இதை என் பொண்ணுக்கு விளக்கறதுக்காக, ஒரு வாரக்கடைசியில உக்காந்து சின்னதா ஒரு கிராபிக்ஸ் பண்ணினேன். பிரவுசர்ல ஓடற மாதிரி, ஜாவாஸ்கிரிப்ட்ல. பக்கவாட்டுல பார்க்கற ஒரு ஆறு, ஒரு பாலம், புகை விடற ரயில். வெள்ளம் ஏறும், நாற்பதாவது விநாடியில பாலம் பலவீனமாகும், நாற்பத்திரெண்டாவது விநாடியில ரயில் பாலத்துக்கு வரும். என் பழைய பொட்டியில ஓட விட்டேன். சரியா விழுந்துச்சு. "சரியா"ன்னு எழுதவே ஒரு மாதிரி இருக்கு, ஆனா புரோகிராம் எழுதறவன் அப்படித்தான் நினைப்பான்.

தீபாவளிக்கு மச்சான் வந்தப்போ அவரோட புது லேப்டாப்ல இதையே அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். புகை விட்டுக்கிட்டு ரயில் வந்துச்சு. பாலத்துமேல ஏறுச்சு. அப்படியே தாண்டி கல்லகம் பக்கம் போயே போச்சு. அதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, ஆள் இல்லாத பாலம் தனியா இடிஞ்சு விழுந்துச்சு.

அப்பா ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "என்னடா, தாண்டிடுச்சு?" ன்னார்.

"பிழைப்பா. இந்த லேப்டாப்போட திரை வேகம் ஜாஸ்தி. சரி பண்ணிடறேன்."

"ம்" ன்னார்.

நடந்தது இதுதான். ரயிலை "ஒரு பிரேமுக்கு இரண்டு பிக்ஸல்"னு நகர்த்தியிருந்தேன். வெள்ளத்தை மட்டும் கடிகாரத்தோட கட்டியிருந்தேன். என் மானிட்டர் விநாடிக்கு 60 தடவை படம் போடும், மச்சானோடது 144 தடவை. ரயில் 2.4 மடங்கு வேகத்துல ஓடி, 42 விநாடிக்குப் பதிலா பதினேழரை விநாடியில பாலத்துக்கு வந்துடுச்சு. வெள்ளம் பாவம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து பொறுமையா ஏறிக்கிட்டிருந்தது. ஒரே திரைக்குள்ள ரெண்டு நேரம்.

கத்துக்குட்டித் தப்புதான். ஆனா திரைக்குள்ள ஓடற நேரத்துக்கும் வெளியில ஓடற நேரத்துக்கும் நடுவுல முடிச்சுப் போடறது யாருங்கற இந்தத் தகராறு கணினியைவிட வயசுல மூத்ததுன்னு தேடிப் படிக்கப் படிக்கத்தான் புரிஞ்சது. நம்ம பக்கத்துலயே ஆரம்பிக்கலாம்.

திருச்சியில தென்னிந்திய ரயில்வேயில வேலை பார்த்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1905ல டூபாங்ங்கற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊரா படம் காட்டிக்கிட்டு வந்து, உடம்பு முடியாம ஊருக்குக் கிளம்பினப்போ, அவரோட புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுட்டு கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு கிளம்பிட்டார். பின்னாடி கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினது இவர்தான். அந்தக் கால புரொஜெக்டர் கையால சுத்தறது. கேமராவும் அப்படித்தான், விநாடிக்கு ரெண்டு சுத்து, சுத்துக்கு எட்டு பிரேம், ஆக பதினாறு. இது கணக்கு. நடைமுறையில கேமராக்காரர் கை ஒரு வேகம், காட்டறவர் கை இன்னொரு வேகம். அடுத்த காட்சிக்குக் கூட்டம் நின்னா கை தானா வேகமெடுக்கும். மெதுவா சுத்தினாலோ விளக்குச் சூட்டுல பிலிம் பத்திக்கிற பயம். ஆக, திரையில ஒருத்தன் தெருவைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்ங்கறதை நிர்ணயிச்சது சுத்தறவரோட தோள்பட்டை. என் ரயிலை மச்சானோட மானிட்டர் ஓட்டின மாதிரியேதான்.

யாரும் பெருசா புகார் சொல்லலை. கண்ணுக்கு இது உறைக்காது. வேகமா நடந்தா சிரிச்சுட்டுப் போயிடுவோம். காதுதான் விடாது. 1920கள் கடைசியில சத்தம் வந்ததும் கையாட்டம் முடிஞ்சது. வேகம் கொஞ்சம் கூடினாலும் பாட்டு சுருதி ஏறிடும், குரல் கீச்சுன்னு ஆயிடும். அதனால மோட்டார் வெச்சு விநாடிக்கு 24 பிரேம்னு கட்டிப்போட்டாங்க. 1931ல காளிதாஸ் வந்தப்போ தமிழ்ப்படமும் அந்தக் கட்டுக்குள்ள வந்துச்சு. 35 மி.மீ. பிலிம்ல அது நிமிஷத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம்.

டூரிங் டாக்கீஸ்ல படம் பார்த்தவங்களுக்கு இந்தப் பதினோரு நிமிஷக் கணக்கு உடம்புல ஊறியிருக்கும். ஒரே ஒரு புரொஜெக்டர் இருக்கற கொட்டகையில ரீல் மாத்தறதுக்கு ஒவ்வொரு தடவையும் நிறுத்தணும். கதாநாயகன் ஓங்கின கை அப்படியே நிக்க, இந்தப் பக்கம் பீடி, முறுக்கு, சோடா எல்லாம் ஓடும். திரை நேரம் நிக்குது, மண் தரை நேரம் ஓடுது. விளக்கு அணைஞ்சதும் விட்ட இடத்துலேருந்து அடி விழும். கவனிச்சீங்களா, யாரும் அந்தப் பத்து நிமிஷத்தைக் கதைக்குள்ள சேர்க்கறதில்லை. இந்தச் சின்ன விஷயத்தைத்தான் என் புரோகிராம் பின்னாடி கோட்டை விட்டுச்சு, சொல்றேன்.

இன்னொரு வேடிக்கை. நம்ம ஊர் பழைய டிவி விநாடிக்கு 25 பிரேம். சினிமா 24. இந்த மாதிரி 25 பிரேம் நாடுகள்ல டிவிக்கு மாத்தும்போது பெரும்பாலும் படத்தையே கொஞ்சம் வேகமா ஓட்டிடுவாங்க. அப்படி ஓட்டினா இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சுடும். பாட்டு கிட்டத்தட்ட முக்கால் ஸ்வரம் ஏறிக் கேக்கும். நல்ல காது இருக்கறவங்க மட்டும் முகம் சுளிப்பாங்க.

சரி, பொட்டிக்கு வருவோம். கணினியில "நிஜ நேரம்"ங்கற பேச்சே விமானப் பயிற்சியிலேருந்து வந்ததுதான். 1940கள்ல அமெரிக்கக் கடற்படைக்காக எம்ஐடியில ஒரு விமான சிமுலேட்டர் செய்ய ஆரம்பிச்சாங்க. ஜே ஃபாரஸ்டர் தலைமையில அது வளர்ந்து வேர்ல்விண்ட்ங்கற கணினியா ஆச்சு. அதுவரைக்கும் கணினி எப்ப விடை சொன்னாலும் வாங்கிக்குவாங்க. ஆனா சீட்ல உக்காந்து கம்பியைத் திருப்பற பைலட் நாளைக்கு வர்ற விடைக்குக் காத்திருக்க முடியாதில்ல.

விளையாட்டு வந்ததும் திரும்பவும் கையால சுத்தற காலம் வந்துச்சு. இந்தத் தடவை சுத்தினது பிராசசர். 1978ல ஜப்பான்ல நிஷிகாடோ செஞ்ச ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல 55 ஏலியன் இறங்கி வரும். சுடச்சுட மிச்சம் இருக்கறது வேகமெடுக்கும். அது முதல்ல திட்டமே இல்லை. ஏலியன் குறையக் குறைய பொட்டிக்கு வேலை குறைஞ்சு, மிச்சத்தை சீக்கிரம் சீக்கிரமா நகர்த்துச்சு. விளையாட நல்லா இருக்கேன்னு விட்டுட்டார். பிழையை வசதியாக்கறது நம்ம தொழில்ல அன்னைக்கே இருந்திருக்கு :-)

ஐபிஎம் பிசி 1981ல வந்தப்போ அதோட வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அது என்ன 4.77? அமெரிக்க கலர் டிவிக்கான 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை மூணால வகுத்தது. அதையே பன்னிரண்டால வகுத்து, திரும்ப 65536ஆல வகுத்தா விநாடிக்கு 18.2 துடிப்பு. பிசியோட கடிகாரம் அதுதான். ஒரு துடிப்புக்கு 55 மில்லி விநாடி. அது ரொம்ப மந்தம்னு பல விளையாட்டுக்காரங்க கடிகாரத்தைப் பார்க்காம, 4.77ல இவ்வளவு வேகமா ஓடுதுன்னு கண் அளவா எழுதிட்டாங்க. அடுத்த வருஷங்கள்ல எட்டு, பத்துன்னு வேகம் ஏறினதும் எதிரி கண்ணுல படறதுக்குள்ள நம்ம ஆள் செத்துடுவான். அதுக்குத்தான் டர்போ பொத்தான். கம்ப்யூட்டர் சென்டர்ல 386, 486 பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேகம் ஏத்தற பொத்தான்னு நினைச்சு அமுக்கினோம். அது நிஜத்துல பழைய புரோகிராமுக்காக வேகத்தைக் குறைக்க வெச்சது. இந்த ரகசியம் எனக்குத் தெரியறதுக்குள்ள பொத்தானே காணாமப் போச்சு.

டர்போ பாஸ்கல் எழுதினவங்க இன்னும் உஷார். பொட்டி எவ்வளவு வேகம்னு தொடக்கத்துலயே ஒரு தடவை அளந்து, அதுக்கேத்த மாதிரி காத்திருக்கணும்னு வெச்சாங்க. ஒரு துடிப்புக்குள்ள எத்தனை சுத்து ஓடுதுன்னு எண்ணி, அதை 55ஆல வகுக்கணும். 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டின பென்டியம்கள் வந்ததும் அந்த விடை 16 பிட்டுக்குள்ள அடங்கலை. புரோகிராம் தொடங்கும்போதே "பிழை 200"னு சொல்லிட்டுப் படுத்துக்கும். நேரத்தை அளக்கறவனுக்கே நேரம் சரியில்லைன்னா என்ன பண்றது.

இந்தத் தகராறே இல்லாத ஒரு கூட்டம் இருக்கு. சினிமாக்காரங்க. 1995ல வந்த டாய் ஸ்டோரியில 114,240 பிரேம். ரெண்டர் பண்ண ஆன மொத்த இயந்திர நேரம் எட்டு லட்சம் மணி. வகுத்துப் பாருங்க, ஒரு பிரேமுக்குச் சராசரியா ஏழு மணி நேரம். விநாடிக்கு 24 பிரேம்னா 168 மணி நேரம், அதாவது முழுசா ஒரு வாரம். திரையில ஒரு விநாடி, ஒத்தைப் பொட்டிக்கு ஒரு வாரம். நூத்துச் சொச்சம் பொட்டியைச் சேர்த்து முடிச்சாங்க. நம்ம சென்னையில பென்டாமீடியா 2000ல சின்பாத் படத்தை முழுக்க மோஷன் கேப்சர்ல செஞ்சப்பவும், 2014ல கோச்சடையான் வந்தப்பவும் இதே கதைதான். நடிகர் கையை ஆட்டறது நிஜ நேரத்துல பதிவாகும். அதுக்கப்புறம் அந்தக் கை திரையில எழ எத்தனை நாளும் ஆகலாம். அவங்களுக்கு ஒரு பிரேம்ங்கறது எப்பவும் 24ல ஒரு பங்கு விநாடிதான், வெளியில பொழுது விடிஞ்சா என்ன, அடைஞ்சா என்ன. அதனால அவங்க பாலம் எந்தப் பொட்டியில போட்டாலும் ஒரே நேரத்துல விழும். வெளிநேரத்தை மதிச்சே ஆகணும்னு இருக்கற நம்மள மாதிரி ஆளுக்குத்தான் தலைவலி.

இதெல்லாம் விளையாட்டு விஷயம்தானேன்னு தோணும். 1991 பிப்ரவரி 25, சவூதியில தஹ்ரான். ஏவுகணையைத் தடுக்கற பேட்ரியாட் கருவி நூறு மணி நேரமா நிறுத்தாம ஓடிக்கிட்டிருந்தது. அதுக்குள்ள நேரம் பத்தில் ஒரு விநாடியா எண்ணப்பட்டது. பத்தில் ஒண்ணை பைனரியில முழுசா எழுத முடியாது. 24 பிட்டுல வெட்டினதால ஒட்டின துளித் தப்பு நூறு மணி நேரத்துல 0.34 விநாடியா சேர்ந்துடுச்சு. அந்த நேரத்துல ஒரு ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல போயிடும். கருவி தப்பான இடத்துல தேடிட்டு, ஒண்ணும் இல்லைன்னு முடிவு பண்ணிடுச்சு. 28 சிப்பாய்கள் செத்துப் போனாங்க. பொட்டிக்குள்ள ஓடின நேரமும் வெளிநேரமும் அரை விநாடிகூட விலகலை.

என் ரயிலுக்கு வர்றேன். முதல் வைத்தியம் எல்லாரும் செய்யறதுதான். போன பிரேமுக்கும் இதுக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அளந்து, அதை வேகத்தால பெருக்கி நகர்த்தறது. 60லயும் 144லயும் ஒரே வேகம் வந்துச்சு. ஆஹான்னு இருந்தேன். பொண்ணு அதை ஓட விட்டுட்டு வேற டேபுக்குப் போய் என்னமோ பார்த்துட்டுத் திரும்பி வந்தா, திரும்பவும் ரயில் கல்லகத்துல நிக்குது! பிரவுசர் பின்னால போனதும் படம் போடறதை நிறுத்திடும். திரும்பி வந்ததும் என் புரோகிராம் "நாற்பது விநாடி ஆச்சே"ன்னு ரயிலை ஒரே தாவா தாவ வெச்சுது. ஒரு பிரேம்ல ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம், அடுத்த பிரேம்ல அந்தப் பக்கம். பாலத்துமேல இருந்த கணமே கிடையாது, அப்புறம் எப்படி விழும்? பீடிக் குடிச்ச நேரத்தையும் கதைக்குள்ள சேர்த்துட்டேன். கொட்டகைக்காரர் செய்யாத தப்பு.

இதுக்கு நல்ல வைத்தியத்தை கிளென் ஃபீட்லர்ங்கறவர் 2004ல ஒரு கட்டுரையா எழுதினார், விளையாட்டு எழுதறவங்க இன்னைக்கும் அதைத்தான் கை காட்டறாங்க. நம்ம பாஷையில சொன்னா உண்டியல். ஒவ்வொரு பிரேமுக்கும் வெளியில ஆன நேரத்தை உண்டியல்ல போடு. உள்ளே 60ல ஒரு பங்கு விநாடி சேர்ந்துச்சா, எடுத்து உலகத்தை ஒரே ஒரு அடி நகர்த்து. இன்னும் இருந்தா இன்னொரு அடி. மிச்சச் சில்லறை அடுத்த பிரேமுக்கு. எந்தப் பொட்டியானாலும் ரயிலும் வெள்ளமும் ஒரே அளவு அடிதான் வைக்கும், ஒண்ணை ஒண்ணு ஏமாத்த முடியாது.

இதுலயும் ஒரு கண்ணி உண்டு. ஒரு அடியைக் கணக்குப் போடவே அந்த அடியைவிட அதிக நேரம் எடுக்கற நோஞ்சான் பொட்டியா இருந்தா, எடுக்கறதைவிட வேகமா உண்டியல் ரொம்பும். ரொம்ப ரொம்ப இன்னும் அடி, இன்னும் தாமதம். மீட்டர் வட்டி மாதிரி. கடைசியில திரை உறைஞ்சு போயிடும். அதனால ஒரு பிரேமுக்கு இவ்வளவுக்கு மேல உண்டியல்ல போடக்கூடாதுன்னு ஒரு வரம்பு வைக்கணும். வெச்சா திரை நேரம் வெளிநேரத்தைவிடப் பின்தங்கும், ஆனா நடக்கற வரிசை மாறாது. என் கேஸ்ல நான் யோசிக்கவே இல்லை. மெதுவா வந்தாலும் பரவாயில்லை, ரயில் ஒவ்வொரு அடியும் பாலத்துமேல வெச்சுத்தான் ஆகணும்.

வரம்பை கால் விநாடின்னு வெச்சேன். பழைய பொட்டி, மச்சான் லேப்டாப், பொண்ணோட டேப்லட், டேப் மாத்தி, மூடித் திறந்து எல்லாம் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் நாற்பதாவது விநாடியில பாலம் தளருது. நாற்பத்திரெண்டுல ரயில் வருது. விழுது.

முடிச்சுட்டு அப்பாகிட்ட காட்டினேன். முழுசா பார்த்தார். "இப்ப சரியா இருக்கு" ன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "அந்த முதல்ல போட்டது இருக்கா, அழிச்சிட்டியா?" ன்னு கேட்டார்.

அழிக்கலை. இப்ப மச்சான் ஊருக்கு வரும்போதெல்லாம் லேப்டாப்பை வாங்கி, "பழசு"ன்னு பேர் வெச்ச ஃபைலை நான்தான் திறந்து கொடுக்கறேன். பதினேழரை விநாடி. ரயில் தாண்டினதும் அவரே மூடிடுவார், பாலம் விழற வரைக்கும் பார்க்கறதில்லை.

பி.கு: நான் மருதையாறு பத்தி எழுதறேன்னதும் நண்பர் ஒருத்தர் ஞாபகப்படுத்தினது. பெரம்பலூர்லேருந்து பிரிஞ்சு, திரும்பச் சேர்ந்து, மறுபடி பிரிஞ்ச அரியலூர் மாவட்டம் கடைசியா உதயமானது 2007ல. தேதி நவம்பர் 23.